முறுக்குக்குப் புகை போடலாமா, நெய்க்குப் போடலாமா?

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வருடம் வீட்டில் முறுக்கு சுடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. உரலைப் பிழிய என் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை, மாமியாருக்கும் எண்பது நெருங்குகிறது. கடையில் வாங்கித்தான் தட்டில் வைக்கப் போகிறோம். ஆனால் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே கொட்டி வைத்தால் எங்கள் தாமானில் பத்து வீட்டிலும் ஒரே முறுக்கு, ஒரே மிக்சர், ஒரே கச்சாங் பூத்தே கடலைக் கலவை. நான் இப்படி அலுத்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்காரர், "அதுக்குத்தானே அந்த அடுப்ப வாங்கிப் போட்டிருக்கேன்" என்றார்.

அந்த அடுப்பு என்பது 57 சென்டிமீட்டர் அகலத்தில் உருண்டை மூடி போட்ட கரியடுப்பு. கெட்டில் என்பார்களே, அந்த வகை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டின் பின்கட்டில், துணி காயப்போடும் கம்பிக்கும் பின்சந்துக்கும் நடுவில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வருடத்துக்கு மூன்று தடவை கோழி சுடுவோம். மிச்ச நாளெல்லாம் பூனை அதன் மேல் தூங்கும்.

கடைத் தின்பண்டத்துக்குப் புகை வாசம் ஏற்றுவது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. சதுரமான சீஸ் பிஸ்கட்டை அலுமினியத் தட்டில் கொட்டுவார்கள். உருக்கிய பட்டர், வூஸ்டர் சாஸ், காரச் சாஸ், பூண்டுத் தூள் எல்லாம் போட்டுப் பிரட்டுவார்கள். பிறகு ஸ்மோக்கர் என்கிற புகையடுப்புக்குள் வைத்து 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம் கணக்குக்கு 107 முதல் 121 டிகிரி செல்சியஸில், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விட்டு, நடுநடுவே கிளறிவிடுவார்கள். பட்டர் பிஸ்கட்டுக்குள் ஊறி, சாஸின் ஈரம் காய்ந்து, மேலே புகை படியும். யோசனை நல்லதுதான். ஆனால் அதை அப்படியே கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதை நாங்கள் போன பள்ளி விடுமுறையில் ஒரு கிலோ பிஸ்கட்டைப் பாழாக்கித் தெரிந்துகொண்டோம்.

அன்று நடந்தது இதுதான். மழையில் நனைந்து அரைகுறையாகக் காய்ந்த கட்டையை வீட்டுக்காரர் தணல் மேல் போட்டார். அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்று மூடியை இறுக்கி, காற்றுத் துவாரத்தையும் முக்கால்வாசி அடைத்தார். தலையணைப் பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை கிளம்பியது. ‘எவ்வளவு புகை பாரு!’ என்று இரண்டு பேருக்கும் பெருமை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்த பிஸ்கட்டைப் பெரியவன் வாயில் போட்டான், இரண்டு கடி கடித்தான், துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், "சாமி ரூம்ல கீழ விழுந்த பிஸ்கட் மாதிரி இருக்கும்மா" என்றான்.

அவன் சொன்னது சரி. வெள்ளையாக, கனமாக வருவது அரைகுறையாக எரிந்த கட்டையின் புகை. ஈரமும் தாருமாகப் பண்டத்தின் மேல் படிந்து கசக்கும், நாக்கு மரத்த மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், லேசான நீலத்தில் போகும் புகை. கட்டை நன்றாகக் காய்ந்திருந்து, காற்றும் தாராளமாகப் போனால்தான் அது வரும். கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. கேட்காதீர்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிகிற வரைக்கும் கட்டை ஒழுங்காகப் பற்றாது.

புகையின் ருசி எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எடுக்கிற முடிவு இதில்தான் நிற்கிறது. மரத்தில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது சூட்டில் சிதையும்போது குவாயக்கால், சிரிங்கால் முதலான வாசப் பொருட்கள் பிறக்கின்றன. இவை ஃபீனால் வகை. தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைந்து தங்கும். அதனால்தான் கடலை, முந்திரி, சீஸ், பட்டர் எல்லாம் புகையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெறும் மாவு பிஸ்கட்டில் மேலாக ஒட்டிக்கொண்டு சாம்பல் வாசமாக நிற்கிறது.

இன்னொன்று நம் ஊர்க் காற்று. இங்கே காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டையே தொடும். முறுக்கை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் நமுத்துப் போகிற ஊர் இது. மொறுமொறுப்பான எதையும் குளிர்ப் புகையில், அதாவது சூடில்லாமல் புகை மட்டும் விட்டு, இரண்டு மணி நேரம் வைத்தால் வாசம் ஏறும், மொறுமொறுப்பு போய்விடும். வறண்ட ஊர்க்காரர்கள் எழுதி வைத்த குறிப்பு இந்த இடத்தில்தான் நம்மைக் கைவிடுகிறது.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, கெட்டில் அடுப்பிலேயே சூட்டுப் புகை. அடுப்பின் ஒரு ஓரத்தில் பதினைந்து கட்டிக் கரி மட்டும். மறு ஓரத்தில் தட்டு. மேல் துவாரம் முழுதும் திறந்து தட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், கீழ்த் துவாரம் கால்வாசி. 110 டிகிரியில் நின்றதும் முஷ்டி அளவு கட்டை ஒன்று. அவ்வளவுதான், இரண்டாவது கட்டை வேண்டாம். கரிக்கு நான் பக்காவ் என்கிற சதுப்புநில மரத்தின் கரியைத்தான் வாங்குகிறேன். பேராக்கில் குவாலா செப்பத்தாங் பக்கம் இக்லூ மாதிரி உருண்டைச் சூளையில் சுட்டெடுக்கிற கரி. மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் 30 வருடச் சுழற்சியில் வெட்டி, திரும்ப வளர விடுகிறார்கள். கனமான கரி, நின்று எரியும். ஆனால் அதிலிருந்து வாசம் வராது, சூடுதான் வரும். வாசத்துக்குக் கட்டை வேண்டும்.

கட்டை விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம். இறக்குமதி ஹிக்கரி, ஆப்பிள் கட்டையெல்லாம் இணையக் கடைகளில் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் கட்டையையே தட்டில் வைத்துப் பரிமாறலாம் போலிருக்கும். எங்களுக்கு ரம்புத்தான் கட்டை அமைந்தது. பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, தன் கம்பத்து (கிராமத்து) வீட்டில் பழைய ரம்புத்தான் மரத்தை வெட்டியபோது ஒரு சாக்கு கொடுத்தார். ஐந்து மாதம் படிக்கட்டுக்கு அடியில் காய்ந்தது. புகை மென்மையாக, லேசான இனிப்போடு வருகிறது. கொய்யாவும் நல்லது, ஹவாயில் அதில்தான் இறைச்சிக்குப் புகை போடுகிறார்கள். மாமரத்தை நான் தொடுவதில்லை. அதன் பால் பட்டாலே சிலருக்குத் தோல் பொங்கும், எரித்தால் வரும் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். ரப்பர் கட்டை நல்ல கட்டைதான், ஆனால் தோட்டத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும். மேசை நாற்காலி செய்கிற பட்டறைத் துண்டு வேண்டவே வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க அதற்கு போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். சாமான் இறக்குகிற பலகையும் அப்படித்தான், எதில் ஊறி வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்த வழியில் ஜெயித்தது கடலையும் முந்திரியும். கடையில் வறுத்து உப்புப் போட்ட கடலை அரைக் கிலோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் மிளகாய்த் தூள், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை. ஓட்டைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 110 டிகிரியில் முக்கால் மணி நேரம். கால் மணிக்கு ஒரு தடவை கிளற வேண்டும். எடுத்ததும் ருசி பார்க்காதீர்கள், முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். நன்றாக ஆறவிட்டு, பாட்டிலில் அடைத்து, மறுநாள் திறந்தால் புகை அடங்கி உள்ளே இறங்கியிருக்கும். ஈப்போ புந்தோங்கிலிருந்து வரும் கச்சாங் பூத்தே கலவையிலும் இதைச் செய்து பார்த்தேன். அதில் பட்டாணியும் கடலையும் பிரமாதமாக வந்தன. ஓமப்பொடி மட்டும் கருகியது. அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கடைசியில் கலக்க வேண்டும்.

குறை என்னவென்றால், ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதோடு அக்டோபர், நவம்பரில் மூன்று மணி ஆனால் வானம் கறுத்துவிடும். காலையிலேயே முடித்துவிட வேண்டிய வேலை.

இரண்டாவது, பெல்லட் குழாய். ஓட்டை போட்ட எவர்சில்வர் குழாய், ஒரு அடி நீளம். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை நிரப்பி, ஒரு முனையில் கேஸ் டார்ச்சால் பற்றவைத்து, ஐந்து பத்து நிமிடம் எரியவிட்டு ஊதி அணைத்தால், நாலு மணி நேரத்துக்கு மேல் தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கும். கரி வேண்டாம், சூடு அதிகமில்லை. அதை அணைந்த கெட்டிலுக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? நம் காற்றில் பெல்லட் ஈரத்தை உறிஞ்சி உப்பிப் பொடிந்துவிடும். பாதியில் அணையும், திரும்பப் பற்றவைத்தால் முதலில் வருவது வெள்ளைப் புகை. பையைப் பிரித்த அன்றே பெரிய மைலோ டின்னில் கொட்டி மூடிவிட வேண்டும். உபயோகிக்கும் முன் வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தால் இன்னும் நல்லது.

இது சீஸுக்குத்தான். துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் சுற்றி வருவது வேண்டாம், கட்டியாக வருகிற செடார் வேண்டும். சூடு 30 டிகிரியைத் தாண்டினால் செடார் வேர்த்து எண்ணெய் விடும். இங்கே மத்தியான வெயிலே 33 என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்து ஏழு மணிக்கு எடுக்க வேண்டும், பக்கத்தில் ஒரு தட்டு ஐஸ் கட்டியோடு. பிறகு சுற்றி ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். அதற்கு முன் வெட்டினால் சாம்பல் கிண்ணத்தை நக்கிய ருசிதான். இரண்டு வாரம் பொறுத்தால், கிரீம் கிரேக்கர் மேல் ஒரு துண்டு வைத்துக் கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் அடுத்த வருடமும் கேட்பார்கள்.

மூன்றாவது வழிக்கு அடுப்பே தேவையில்லை, மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் சரிப்படும். பெரும்பாலான கொண்டோமினியங்களில் பால்கனியில் கரியடுப்பு வைக்க நிர்வாகம் விடாது. வட இந்தியாவில் தூங்கார் என்கிறார்கள். நாம் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோமே, ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு சட்டிக்குள் பண்டம், நடுவில் சின்ன எவர்சில்வர் கிண்ணம், அதில் கனன்று சிவந்த தேங்காய்ச் சிரட்டைக் கரித்துண்டு ஒன்று. அதன் மேல் அரைக் கரண்டி நெய்யை விட்டதும் ‘சுர்’ரென்று புகை எழும்பும். உடனே மூடி, ஐந்து நிமிடம்.

எச்சரிக்கை ஒன்று. பூசைச் சாமான் கடையில் தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றிக்கொள்ளும் வட்டக் கரி விற்கிறதே, சாம்பிராணிக்கு வசதியானது, அதை இதற்கு எடுக்கவே கூடாது. சீக்கிரம் பற்ற வேண்டும் என்று வெடியுப்பு சேர்த்திருப்பார்கள். சிரட்டைக் கரியை கேஸ் அடுப்பில் பிடித்துச் சிவக்க வைப்பதுதான் சரி. ஜன்னலும் திறந்திருக்கட்டும். கரித் தணலில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஏர்கான் போட்டு அடைத்த அறையில் தணல் வைப்பது விளையாட்டுக் காரியமில்லை.

இதில் வருவது மரப் புகையின் ருசியில்லை, எரிந்த நெய்யின் ருசி. சிக்கன் வறுவலுக்கு அருமை. முறுக்குக்கு? வைத்துப் பார்த்தேன். மாமியார் ஒன்றை எடுத்து முகர்ந்து, திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நல்லா இருந்த முறுக்க ஏண்டி தீய வச்ச?" என்றார். ஓமமும் எள்ளும் பட்டரும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு வாசம் இருக்கிறது, அதன் தலையில் இன்னொன்றை ஏற்றுவது நியாயமில்லை என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான்.

நாலாவது, பேட்டரியில் ஓடும் ஸ்மோக்கிங் கன். சிட்டிகை மரத்தூளைப் பற்றவைத்து, குழாய் வழியாகக் கண்ணாடி மூடிக்குள் புகையை விடும் கருவி. மூடியைத் தூக்கும்போது புகை பரவுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாசம் பத்து நிமிடம் நிற்கும். ஐம்பது பேர் விருந்துக்கு வந்து போகிற திறந்த இல்லத்துக்கு அது உதவாது.

ஐந்தாவது பாட்டிலில் வருகிற திரவப் புகை. கட்டையை எரித்த புகையைத் தண்ணீரில் பிடித்து, தாரை வடிகட்டி எடுப்பது. கன்சாஸ் சிட்டியில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக் கடைக்காரர் 1895-இல் விற்கத் தொடங்கியது. வேலை மிச்சம்தான். இரண்டு சொட்டு பட்டரில் கலந்தால் போதும், மூன்றாவது சொட்டு மருந்து வாடை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் எட்டுப் புகைச் சுவையூட்டிகளை ஆராய்ந்து மரபணுவுக்குக் கேடு வரலாம் என்ற கவலையைச் சொன்னது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்தது. அதற்காக நம் பின்கட்டுப் புகை பரிசுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கட்டைப் புகையிலும் வேண்டாத பொருட்கள் உண்டு, தீபாவளிக்கு ஒரு தடவை தின்கிற பண்டம் என்பதுதான் எனக்கு ஆறுதல். இருந்தாலும், கடைச் சிப்ஸ் பொட்டலத்திலேயே ‘பெரிசா’ என்ற பெயரில் சுவையூட்டி சேர்ந்து வருகிறது. அதன் மேல் நானும் பாட்டில் புகையை ஊற்றுவதென்றால் பின்கட்டில் அடுப்பு எதற்கு?

இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. புகை கொழுப்பில்தான் தங்குகிறது. மொறுமொறுப்பான பண்டம் வெளிக்காற்றில் நிற்கக் கூடாது. அப்படியானால் பண்டத்தை ஏன் அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்? நெய்யைக் கொண்டுபோனால் போதாதா?

போன மாதம் செய்து பார்த்தேன். 300 கிராம் நெய்யை அகலமான எவர்சில்வர் தட்டில், ஒரு விரற்கடை ஆழத்தில் ஊற்றினேன். நம் ஊர் வெயிலில் நெய் தானாகவே உருகி நிற்கும். சீஸுக்குப் பற்றவைத்த அதே பெல்லட் குழாய்ப் புகையில், சீஸை எடுத்த பிறகு, ஒரு மணி நேரம். சாம்பல் விழாமல் இருக்கத் தட்டைக் குழாய்க்கு எட்டத்தில் வைத்தேன், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மேல் நெய் கீழே போகும்படி கலக்கிவிட்டேன். நிறம் மாறவில்லை. ஒன்றுமே ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கரண்டி நுனியை நாக்கில் வைத்தால், கம்பத்தில் சாலாய் போட்ட, அதாவது புகையில் வாட்டிய, மீனின் வாசம், மீன் மட்டும் இல்லை.

அந்த நெய் இரண்டு மேசைக்கரண்டி, அரைக் கிலோ சின்ன சீஸ் பிஸ்கட், மிளகாய்த் தூள், பூண்டுத் தூள். பிரட்டி, வீட்டு ஓவனில் 120 டிகிரியில் பத்து நிமிடம். ஈரம் போய்விடுகிறது, நெய் உள்ளே இறங்கிவிடுகிறது, பிஸ்கட் ‘கடக்’கென்று உடைகிறது. பெரியவன் மூன்று கைப்பிடி சாப்பிட்டான், கருத்து எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரப் புகையில் கிடைத்த 300 கிராம் நெய் நாலு கிலோ பிஸ்கட்டுக்கு மேலேயே வரும். அதே நாலு கிலோவை கெட்டிலில் ஒவ்வொரு தட்டாக வைத்தால் ஞாயிற்றுக்கிழமை முழுதும் அங்கேயே போய்விடும். மாடி வீட்டுக்காரர்கள், கெட்டில் வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பாட்டில் நெய்யைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே எங்கள் கணக்கு: கடலையும் முந்திரியும் கெட்டிலில் நேரடியாக. செடார் குழாய்ப் புகையில், அதுவும் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே. பிஸ்கட்டுக்குப் புகை நெய். முறுக்கை யாரும் தொடுவதில்லை. வூஸ்டர் சாஸை நாங்கள் விட்டுவிட்டோம். அதில் நெத்திலி சேர்வதால் சைவக்காரர்களுக்கு ஆகாது. வாங்குகிற பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா, ‘லெம்பு’ சுவை, அதாவது மாட்டிறைச்சிச் சுவை, ஏதும் கலந்திருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கிறேன். வருகிறவர்களில் மக்சிக்கும் உண்டு, என் பெரியம்மாவும் உண்டு.

மிச்சம் இருந்தது துணி விவகாரம். பின்சந்தில் எங்கள் புகை நேராகப் போய் நிற்பது மக்சிக்கின் கம்பியில்தான். போன தடவை அவர் பேரனின் பள்ளிச் சீருடை கோழி வாசத்தோடு பள்ளிக்குப் போனது. நேற்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, வருகிற சனிக்கிழமை விடியற்காலையிலிருந்து பத்து மணி வரைக்கும் துணி போட வேண்டாம் என்று கேட்டேன். ரம்புத்தான் கட்டை தீர்ந்துவிட்டதா, இன்னொரு சாக்கு வேண்டுமா என்று விசாரித்துவிட்டு, "போலே, தாப்பி சிம்பான் சாத்து பாலாங்" என்றார். சரி, ஆனால் ஒரு பாட்டில் எடுத்து வை என்று அர்த்தம். கடலை பாலாங்கா, பிஸ்கட் பாலாங்கா என்று கேட்டேன். இரண்டும் என்று விரலைக் காட்டினார்.